மூன்றை அழுத்தவும்

இணைப்பைத் துண்டிக்க மூன்றை அழுத்தவும்.
அழுத்தினால் நான் வருவேன்.
பங்சார் சவுத்தில் பதினோராம் மாடி,
தமிழ்ப் பிரிவில் பன்னிரண்டு நாற்காலி,
என்னுடையதற்கு ஒரு கை இல்லை.

நாங்கள் தட்டுக்காரர்கள்.
அவர்கள் கம்பிக்காரர்கள்.
அவர்களுடைய விளம்பரத்தில் மழை கொட்டுகிறது,
குடும்பமே சோபாவில் பந்தாட்டம் பார்க்கிறது,
திடலில் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரிகிறது.
கோலாலம்பூரில் நாலு மணிக்கு மேகம் கறுத்தால்
எங்கள் தட்டுக்குக் கண் தெரியாது.
நாலேகாலுக்கு என் காதில் மணி அடிக்கும்.

"அவ பால்ல விஷம் கலக்குறா,
அந்த நேரம் பாத்து திரை நீலமாப் போச்சு.
குடிச்சானா இல்லியா, அதையாவது சொல்லுங்க."

எல்லா நோய்க்கும் என்னிடம் ஒரே மருந்து:
மூன்று மாதம் எச்டி இலவசம்.
ஜிஞ்சாங் லாரிக்காரர் ஒருவர் அதையும் மறுத்தார்.
"வேணாம்மா. வில்லனோட மீசையில பசை தெரியுது.
பிள்ளைங்க பயப்படவே மாட்டேங்குதுங்க."
அவரைக் காப்பாற்ற முடியவில்லை.
காப்பாற்றுவது என்றுதான் இங்கே சொல்வோம்.
தலைக்கு எட்டு வெள்ளி.

பிறகு மரியசூசை, செந்தூல்.
ஈப்போ சாலையில் கார் நிறுத்துமிடம்,
கூண்டுக்குள் இருந்து சீட்டுக் கிழிப்பவர்.
"வீட்டுல தம்பி கம்பி மாட்டிட்டான்மா" என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.

ஏழரை மணிக்கு எங்கள் அலைவரிசையில்
ஒரு புதிர்ப்போட்டி உண்டு.
சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம்,
ரிமோட்டில் ஒன்றை அழுத்த வேண்டும்.
பேராக் ஆறு எந்தக் கடலில் சேருகிறது,
தேனீக்குக் கண் எத்தனை.
நான்கு வருடமாக ஒருநாள் விடாமல் அழுத்துகிறாராம்.
"பகல் பூரா எங்கிட்ட ஒரே கேள்விதாம்மா:
எவ்வளவு?
ராத்திரி இதுதான் வேற ஏதாச்சும் கேக்குது."

டைரியில் குறித்து வைத்திருக்கிறார்:
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளி.
"போன் நம்பர மாத்திக்கிற மாதிரி
இதையும் அந்தக் கம்பெனிக்கு மாத்திக் குடுப்பீங்களா?"

என் திரையில் அவர் பெயர் இருந்தது.
அடையாள அட்டை எண், பாக்கி நாற்பத்து மூன்று அறுபது,
மூன்று புகார், மூன்றும் மழை.
புள்ளிக்கு ஒரு கட்டம்கூட இல்லை.
ஒலியை அடைத்துவிட்டுப் பக்கத்து இருக்கைப் புவனேஸைக் கேட்டேன்.
"அதெல்லாம் ராத்திரியோட அழிஞ்சிரும்லா,
யாரு சேத்து வைக்கிறா?"
அவள் கெரோபொக் தின்றுகொண்டிருந்தாள்.

ஒலியைத் திறந்தேன்.
ஒரு மூச்சு விட்டேன்.
"ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
இங்க இருக்கு சார், பத்திரமா இருக்கு.
மாத்த முடியாது. ஆனா நீங்க இருந்தா அதுவும் இருக்கும்."

"நேத்து ஒண்ணு ஏறிச்சே.
பதிமூணால்ல இருக்கணும்?"

"இப்பதான் ஏறுது சார். பதிமூணு."

அவர் தங்கிவிட்டார்.
பெயருக்கு நேரே பச்சைக் குறி விழுந்தது.
கீழே மாமாக் கடையில் அந்த எட்டு வெள்ளிக்கு
இரண்டு ரொட்டி, ஒரு தே தாரிக்,
மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டேன்.

திங்கட்கிழமை கூட்ட அறையில்
மேலாளர் லோகேஸ்வரி என் குரலை ஓடவிட்டார்.
"இங்க கேளுங்க, எப்படி ஒரு மூச்சு விடுறா!"
பன்னிரண்டு பேரும் என் மூச்சைக் கேட்டார்கள்.
கைதட்டினார்கள்.
புதன்கிழமை அச்சடித்த தாள் வந்தது,
பதினேழாவது வரி:
'உங்கள் புள்ளிகள் எங்களிடம் பத்திரமாக உள்ளன.'
அடைப்புக்குறிக்குள்: சிறிது நிறுத்தவும்.
மலாய்ப் பிரிவுக்கும் சீனப் பிரிவுக்கும்
மொழிபெயர்ப்பு போய்விட்டதாம்.

இன்று ஏழேகாலுக்கே மழை.
கண்ணாடிக்கு அப்பால் செந்தூல் பக்கம் ஒன்றும் இல்லை.
ஏழு முப்பத்தொன்று.
அவர் இன்னும் கூப்பிடவில்லை.
திரை நீலமாகியிருக்கும்.
நீலமும் நாலில் ஒரு விடைதானே என்று
அழுத்திவிட்டாரோ என்னவோ.